ஐஸ் இல்லாத குளிர்காலம்: தெற்கத்தி வால்ஐ வேட்டையில் சறுக்கும் இடங்கள்

வால்ஐ பிடிக்கப் போகிறேன் என்று ஊருக்கு போனில் சொன்னால், "வாளையா?" என்றுதான் கேட்பார்கள். பெயர் காதில் ஒன்றுபோல் விழுந்தாலும் மீன் வேறு. நம் ஆற்று வாளை கெளுத்தி இனம். வால்ஐ வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெர்ச் குடும்பத்து மீன். பால் படிந்த கண்ணாடிக் கோலி மாதிரி ஒரு கண், வாய் நிறைய கோரைப் பல், வெள்ளை வெளேரென்ற சதை. ஏரிகள் உறைந்துபோகும் அமெரிக்க வட மாநிலமான மினசோட்டாவுக்கு அது மாநில மீன். அதனாலேயே அதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி ஐஸில் துளை போட்டு உட்காருகிறவர்களுக்கானது.

நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான். மினசோட்டாவின் மினியாபொலிஸில் ஆறு குளிர்காலம் ஐஸ் மேல் உட்கார்ந்துவிட்டு, வேலை மாறித் தெற்கு மாநிலமான ஆர்கன்சாவின் வடமேற்கு மூலைக்கு வந்தேன். முதல் ஜனவரியில் பீவர் ஏரியில் அதே பாட்டைப் பாடினேன். நான்கு சனிக்கிழமை போயும் ஒரு செதில்கூடப் பார்க்கவில்லை.

முதல் சறுக்கல், ஆழமான பள்ளத்தைத் தேடிப் போனது. வடக்கே அது சரி. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனமாக இருக்கும். அதனால் உறைந்த ஏரியில் ஐஸை ஒட்டிய நீர் பூஜ்யத்தில் கிடக்க, 4 டிகிரி நீர் அடியில் தங்கும். மீனுக்கு இருப்பதிலேயே கதகதப்பான இடம் அடிப்பள்ளம்தான். ஆர்கன்சா, டென்னசி, கென்டக்கி நீர்த்தேக்கங்களில் நடப்பது வேறு. கோடையில் மேலே சூடும் கீழே குளிருமாகப் பிரிந்து கிடந்த தண்ணீர், குளிர்காலம் வந்ததும் முழுக்கக் கலந்துவிடும். ஜனவரியில் மேலே அளந்தாலும் நாற்பது அடியில் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே சூடு, பெரும்பாலும் 7 டிகிரி பக்கம். ஆக்சிஜனும் எல்லா ஆழத்திலும் உண்டு. ஆகவே கதகதப்புக்காக ஓரிடத்தில் ஒண்ட வேண்டிய கட்டாயம் வால்ஐக்கு இல்லை. அது சாப்பாடு போகும் பக்கம் போகும்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் ஷேட். மத்தி மாதிரி வெள்ளியாக மின்னும் சின்ன மீன், கூட்டம் கூட்டமாகத் திரியும். ஒலி அலையால் நீரடியைக் காட்டும் சோனார் திரையில் மேகம் போலத் தெரியும் திட்டுதான் ஷேட் கூட்டம். அடித்தரை அழகாக இருக்கிறது, பாறை விளிம்பு இருக்கிறது என்று மேகமே இல்லாத இடத்தில் நங்கூரம் போடுவது இரண்டாவது சறுக்கல். நான் இப்போது மேகத்தைப் பார்க்காமல் தூண்டிலை எடுப்பதே இல்லை. நீரடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுப்பள்ளத்தின் ஓரம், ஏரிக்குள் மூக்கை நீட்டும் கரைமுனை, இவற்றை ஒட்டி மேகம் நின்றால் அதற்குக் கீழே அடியோடு அடியாக வால்ஐ படுத்திருக்க வாய்ப்பு அதிகம். தரையோடு ஒட்டிக் கிடப்பதால் திரையில் மீன் தெரியாமலும் போகும். தெரியவில்லை என்பதற்காக நகர்ந்துவிடாதீர்கள்.

ஷேட்டில் நூல்துடுப்பு ஷேட் என்ற வகைக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 5 டிகிரியை நெருங்கினால் தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்து, துடித்துக்கொண்டே அமிழ்ந்து சாகும். கடுங்குளிர் அலை வந்துபோன மறுநாள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் இரை எப்படி அசைய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இதை ஒட்டியதுதான் மூன்றாவது சறுக்கல். குளிர் என்றால் மீன் மந்தம், ஆகவே இரையை அசைக்காமல் வைக்க வேண்டும் என்ற நினைப்பு. சாகும் ஷேட் அசையாமல் நிற்பதில்லை. அரை அவுன்ஸ் உலோக ஸ்பூனை, அதாவது கரண்டி வடிவச் செயற்கை இரையை, அடி தொடும்வரை இறக்குங்கள். ஓர் அடி உயரத்துக்கு வெடுக்கென்று தூக்கி, ராடு (தூண்டில் கம்பு) நுனியை அதோடு சேர்த்தே தாழ்த்தி, ஸ்பூன் தானாகத் தள்ளாடி விழ விடுங்கள். மீன் கவ்வுவது விழும்போதுதான். ராடை இழுத்துக்கொண்டு ஓடும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். விழுந்துகொண்டிருக்கும் தூண்டில் நரம்பு அடி வருவதற்கு முன்பே சட்டென்று தொய்ந்தால், அதுதான் கடி. அடுத்த முறை தூக்கும்போது ஈரத்துணி மாட்டியதுபோல் ஒரு கனம் தெரியும். என் நான்கு சனிக்கிழமைகளில் இதைப் பாசி என்று நினைத்து எத்தனை முறை விட்டேனோ.

நேரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் அடுக்கு ஒன்று உண்டு, பூனைக்கு இருப்பதுபோல. அதனால் மங்கிய வெளிச்சம்தான் அதற்கு வேட்டை நேரம். இங்குள்ள பீவர், புல் ஷோல்ஸ், நார்ஃபோர்க் ஏரிகள் எல்லாம் தெளிந்த தண்ணீர். வெயில் பளீரென்று அடிக்கும் நண்பகலில் போய்விட்டு மீனைக் குறை சொல்லக் கூடாது.

எனக்குப் புரிய அதிக நாளானது நான்காவது சறுக்கல்: தை முடிந்த பிறகும் ஏரி நடுவிலேயே நின்றது. மினசோட்டாவில் ஐஸ் உருகுவதற்கு முன்பே இங்கே முட்டையிடும் பருவம் வந்துவிடுகிறது. தண்ணீர் 6 முதல் 10 டிகிரிக்குள் வரும்போது, அதாவது பாரன்ஹீட்டில் 42 முதல் 50 வரை, மீன்கள் ஏரியின் தலைமாட்டுக்கு, ஆறு வந்து சேரும் பக்கம் ஏறத் தொடங்கும். பீவர் ஏரியில் ஒயிட் ஆற்றுக்குள். கிரீர்ஸ் ஃபெரி ஏரியில் லிட்டில் ரெட் ஆற்றின் கிளைகளுக்குள். முதலில் போய்க் காத்திருப்பது சிறிய ஆண் மீன்கள். பெருத்த பெண் மீன்கள் பிறகு வந்து, இரவில் கூழாங்கல் திட்டுகளில் முட்டையைத் தூவிவிட்டுத் திரும்பிவிடும். கூடு கட்டுவதும் இல்லை, காவல் நிற்பதும் இல்லை. 1982 மார்ச் 14 அன்று கிரீர்ஸ் ஃபெரியில் ஆல் நெல்சன் பிடித்த 22 பவுண்டு 11 அவுன்ஸ் வால்ஐ, பத்தேகால் கிலோவுக்கும் மேல். 1960-இல் டென்னசியின் ஓல்ட் ஹிக்கரி ஏரியில் பிடிபட்டதாகச் சொல்லப்படும் 25 பவுண்டு மீன் உண்மையில் அவ்வளவு பெரிதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படிப் பார்த்தாலும் சாதனைப் பட்டியலின் உச்சியில் நிற்பவை தெற்கத்தி மீன்கள். காலண்டரைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஒரு வாரம் இளஞ்சூடான மழை பெய்தால் எல்லாமே முன்னால் நகர்ந்துவிடும்.

பிடித்த மீனைக் கையாள்வதிலும் கோட்டை விடுகிறோம். இங்கே எல்லாரும் பாஸ் மீனுக்குப் பழகியவர்கள், வாய்க்குள் கட்டை விரலை விட்டுத் தூக்குவார்கள். வால்ஐயிடம் அது நடக்காது, ரத்தம் பார்க்கலாம். செவுள் மூடியின் ஓரமும் கையைக் கிழிக்கும். முப்பது அடிக்குக் கீழிருந்து மேலே ஏற்றிய மீனை விட்டுவிட்டால் பிழைக்கும் என்று நம்புவது அதைவிடப் பெரிய தப்பு. அதன் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் வழி கிடையாது, காற்றை வாயால் வெளியே விட முடியாது. அழுத்தம் குறையக் குறையப் பை ஊதிக்கொண்டே வரும். படகோரம் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பல மீன்கள் பிழைப்பதில்லை. ஆழத்தில் பிடித்தால் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கையோடு தூண்டிலைச் சுருட்டுவதுதான் முறை.

சட்டம் ஏரிக்கு ஏரி மாறும். புல் ஷோல்ஸ் மாதிரி இரண்டு மாநிலத்தில் பரவிய ஏரியில், ஆர்கன்சா உரிமத்தோடு கண்டபடி மிசௌரிப் பக்கம் படகைத் திருப்ப முடியாது. அதற்கென்று எல்லை ஏரி அனுமதிச் சீட்டு தனியாக உண்டு.

அணைக்குக் கீழே நின்று பிடிக்கிறவர்கள் தண்ணீர் திறக்கும் அட்டவணையைப் பார்க்காமல் போகவே கூடாது. மின்சாரம் தயாரிக்கத் திறந்தால் ஆற்று நீர் சில நிமிடங்களிலேயே உயரும். ஒருமுறை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எதிரே இருந்த வெள்ளைக் கல்லை அடையாளம் வைத்திருந்தேன். சைரன் கேட்டது, ஒரு தடவை வீசிவிட்டுப் போகலாம் என்று வீசினேன். நரம்பைச் சுற்றி முடித்துத் தலையைத் தூக்கினால் கல்லைக் காணோம். ஐஸ் இல்லை என்றாலும் 7 டிகிரி தண்ணீரில் விழுந்தால் விரல்கள் சில நிமிடங்களில் வேலை செய்யாது. லைஃப் ஜாக்கெட் படகின் பெட்டிக்குள் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும்.

கடைசிச் சறுக்கல் அடுப்படியில். முதல் மீனைப் புளிக்குழம்பில் போட்டேன். மெல்லிய சதை கரைந்து, குழம்புதான் மிஞ்சியது. மிளகும் உப்பும் தடவி, ரவையில் புரட்டி, இரும்புக் கல்லில் வறுத்தால் போதும். தலையை எறிவதற்கு முன் கன்னத்துச் சதையைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துவிடுங்கள். வட்டமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவில் இரண்டு துண்டு வரும். எங்கள் வீட்டில் அது மேஜைக்கு வந்ததே இல்லை.