கிட்டில் கான்ஃபிளிக்ட் வந்தால் எப்படித் தீர்ப்பது?

கிட் என்பது நிரல் கோப்புகளில் பலர் செய்யும் மாற்றங்களைப் பதிந்து ஒன்றுசேர்க்கும் கருவி. ஒரே இடத்தை இருவர் வேறு வேறாக மாற்றினால், எதை வைப்பது என்று அதற்குத் தெரியாது. அதுதான் கான்ஃபிளிக்ட், அதாவது மோதல்.

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒருவர். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கான பில் செயலியை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். 6 விழுக்காடு சேவை வரியைச் சேர்ப்பது முதலாமவர் வேலை. (2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு இது 8 ஆனது, சாப்பாட்டுக்கு 6 தான்.) ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத்தை 5 சென்னுக்கு (நூறு சென் ஒரு ரிங்கிட்) ரவுண்ட் செய்வது அடுத்தவர் வேலை. இருவர் கையும் ஒரே நிரல் வரியில் பட்டுவிட்டது. ஜார்ஜ்டவுன்காரர் மாற்றம் முதலில் மெயினில் (இருவருக்கும் பொதுவான முதன்மைக் கிளையில்) சேர்ந்துவிட்டதால், தலைவலி பிரிக்ஃபீல்ட்ஸ்காரருக்கு.

1. செய்த வேலையை முதலில் கமிட் செய்யுங்கள், அதாவது கிட்டில் பதிந்துவிடுங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' சுத்தமாக இருந்தால் மட்டும் 'கிட் ஃபெட்ச்' (மற்றவர் மாற்றத்தை இறக்கும்), பிறகு 'கிட் மெர்ஜ் ஆரிஜின்/மெயின்' (அதை உங்களுடையதோடு சேர்க்கும்). குழம்பினால் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' (abort, கைவிடு) கொடுத்துப் பழைய இடத்துக்கே திரும்பலாம். கமிட் செய்யாத மாற்றங்கள் கிடந்தால் அவை அப்படியே திரும்பி வரும் என்று நம்பாதீர்கள்.

2. கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

<<<<<<< ஹெட்
மொத்தம் = தொகை * 1.06
=======
மொத்தம் = ஐந்து_சென்(தொகை)
>>>>>>> ஆரிஜின்/மெயின்

மேலே இருப்பது உங்களுடையது, கீழே வந்து சேர்ந்தது. ஐந்து_சென் என்பது ரவுண்ட் செய்ய ஜார்ஜ்டவுன்காரர் எழுதிய ஃபங்ஷன். (மெர்ஜுக்குப் பதில் ரீபேஸ், அதாவது உங்கள் கமிட்களை மெயினின் மேல் மறுபடி அடுக்குவது, செய்யும்போது இது தலைகீழ். அங்கே பலர் சறுக்குகிறார்கள்.) இருவரும் கை வைக்கும் முன் வரி எப்படி இருந்தது என்பதும் தெரிய வேண்டுமானால் 'கிட் கான்ஃபிக் மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல் டிஃப்3' என்று ஒருமுறை அமைத்துவிடுங்கள். அடுத்த மெர்ஜிலிருந்து நடுவில் பழைய வரியும் தெரியும்.

3. இனிமேல்தான் உண்மையான வேலை. எடிட்டரில் 'இரண்டையும் ஏற்றுக்கொள்' பொத்தான் கண்ணைப் பறிக்கும். அழுத்தினால் இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இரண்டாவது வரி முதலாவதை அழித்துவிடும். எர்ரர் எதுவும் வராது. 18.90 ரிங்கிட் சாப்பாட்டுக்கு 18.90 ரிங்கிட்டே பில் வரும், சேவை வரி காணாமல் போயிருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் ரவுண்ட் செய்து பிறகு வரி போட்டால் 20.03 வரும், அதைச் சில்லறையில் கொடுக்க முடியாது. முதலில் வரி, பிறகு ரவுண்டிங் என்றால் 20.034 என்பது 20.05 ஆகும். எனவே சரியான நிரல் வரி:

மொத்தம் = ஐந்து_சென்(தொகை * 1.06)

கார்டில் கட்டினால் 20.03 அப்படியே இருக்க வேண்டும். ரொக்கமா கார்டா என்ற சோதனை ஐந்து_சென்னுக்குள்ளேயே இருக்கிறதா? ஊகிக்காமல் பினாங்குக்கு ஒரு போன் போடுங்கள். எழுதியவருக்கு அரை நிமிடத்தில் தெரியும்.

4. கிட் போட்ட மோதல் குறியீட்டு வரிகளை நீக்கி, 'கிட் டிஃப் --செக்' ஓட்டுங்கள். விட்டுப்போனவை இருந்தால் சொல்லும். டெஸ்ட் ஓட்டி, 'கிட் ஆட்', கமிட்.

ஒரு வரி மாற்றியதற்குக் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டினால் சந்தேகப்பட வேண்டியது ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை: விண்டோஸில் இரண்டு எழுத்து, மேக்கிலும் லினக்ஸிலும் ஒன்று. '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் '* டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று போட்டு, 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' கொடுத்து, தனிக் கமிட்டாகச் சேருங்கள். மற்ற மாற்றங்களோடு கலந்தால் ரிவியூ செய்பவர் பாடு திண்டாட்டம்.

கிட் வாயே திறக்காத மோதலும் உண்டு. ஜார்ஜ்டவுன்காரர் ஐந்து_சென்னை மாற்றி, ரிங்கிட்டுக்குப் பதில் முழு எண்ணாக சென்னில் தொகை வாங்கச் செய்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் அதே நாளில் வேறு கோப்பில் அதை ரிங்கிட்டோடு அழைக்கிறார். தொட்ட வரிகள் வேறு வேறு என்பதால் மெர்ஜ் வழுக்கிக்கொண்டு போகும். பில் நூறு மடங்கு தப்பாகும். இதற்கு மருந்து இரண்டு: 18.90 போன்ற ஒரு பில்லின் விடையைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று, மெர்ஜுக்குப் பிறகும் அதை ஓட்டும் பழக்கம் ஒன்று. ஃபங்ஷன் வாங்கும் அலகை மாற்றும்போது பெயரையும் ஐந்து_சென்_முழுஎண் என்று மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. பழைய பெயரில் அழைக்கும் இடம் டெஸ்டிலேயே எர்ரராகிக் காட்டிக்கொடுத்துவிடும்.