சாதனைக்கு முன்பே அமைதிப் பரிசு: தொலைநோக்குக்காக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேட்பாளரின் உரைகளைப் புரட்டுவதற்கு முன்னால் பரிசுக்குழு படிக்க வேண்டியது, பரிசை நிறுவியவரின் உயில். ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் எழுதிய உயிலில் அமைதிப் பரிசுக்கு மூன்று தகுதிகளைச் சொன்னார்: நாடுகளுக்கிடையே சகோதரத்துவம் வளர்த்தல், நாடுகள் நிரந்தரமாக வைத்திருக்கும் படைகளை ஒழித்தல் அல்லது குறைத்தல், அமைதி மாநாடுகளை நடத்திப் பரப்புதல். இவற்றுக்காக மிக அதிகமாக அல்லது மிகச் சிறப்பாக உழைத்தவருக்குப் பரிசு. உழைத்தவர் என்றுதான் இருக்கிறது. வென்றவர் என்று இல்லை. முடிவு கைக்கு வராத ஒரு தலைவருக்குப் பரிசு தர இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. வேலையே தொடங்காதவருக்கு இடம் கொடுக்கவில்லை. குழுவின் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதுதான்.

கோடு கிழிக்க ஒரு தாளும் மூன்று பத்திகளும் போதும்: பேச்சு, நடவடிக்கை, விளைவு. வேட்பாளரைப் பற்றிய ஒவ்வொரு தகவலையும் தேதியோடு ஏதாவது ஒரு பத்தியில் எழுதுங்கள். 2009-இல் பராக் ஒபாமாவுக்குப் பரிசு அறிவிக்கப்பட்ட அக்டோபர் 9 அன்று அந்தத் தாள் எப்படி இருந்திருக்கும்? அணு ஆயுதமற்ற உலகம் பற்றி ஏப்ரல் 5-இல் பிராகில் பேசியது முதல் பத்தியில். ஜூன் 4-இல் கெய்ரோவில் முஸ்லிம் உலகை நோக்கிப் பேசியதும் அதே பத்தியில். செப்டம்பர் 24-இல் அவரே தலைமையேற்ற ஐ.நா. பாதுகாப்பு அவைக் கூட்டத்தில் அணு ஆயுதப் பரவல் தடுப்புக்காக 1887-ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, இது நடவடிக்கை. ரஷ்யாவோடு ஆயுதக் குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதுவும் நடவடிக்கையே. விளைவுப் பத்தி அநேகமாகக் காலி. அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தமாகிக் கையெழுத்தானது 2010 ஏப்ரல் 8-இல், அதே பிராகில். நடவடிக்கைப் பத்தியில் ஒன்றிரண்டு வரியும் பேச்சுப் பத்தியில் ஒரு பக்கமும் இருந்தால் அந்த ஆண்டு கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறானது 1971-இல் மேற்கு ஜெர்மனியின் தலைமையமைச்சர் வில்லி பிராண்டுக்குக் கொடுத்த பரிசு. சோவியத் ஒன்றியத்தோடு அவர் செய்த மாஸ்கோ ஒப்பந்தமும் போலந்தோடு செய்த வார்சா ஒப்பந்தமும் 1970-இலேயே கையெழுத்தாகிவிட்டன. நாடாளுமன்ற ஒப்புதல்தான் பாக்கி. 1972 ஏப்ரலில் அவரைக் கவிழ்க்கக் கொண்டுவந்த தீர்மானம் இரண்டே வாக்கில் தோற்றது. கையெழுத்து முடிந்து ஒப்புதல் நிலுவையில் இருக்கும் இந்தக் கட்டமே தொலைநோக்குப் பரிசுக்கு மிகப் பொருத்தமான தருணம். தலைவர் தன் பதவியைப் பணயம் வைத்துவிட்டார், ஆனால் எல்லாம் இன்னும் கவிழலாம். கொலம்பியாவின் அதிபர் சாண்டோஸுக்கு 2016 அக்டோபர் 7-இல் அறிவித்தபோதும் இதே நிலைதான். ஐந்து நாளுக்கு முன்புதான் மக்கள் வாக்கெடுப்பு, கிளர்ச்சிப் படையோடு அவர் செய்த அமைதி உடன்பாட்டை நிராகரித்திருந்தது. திருத்திய உடன்பாடு நவம்பரில் கையெழுத்தானது.

அடுத்து நாள்காட்டி. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. நோபல் முறையில் முன்மொழிவுகளுக்குக் கடைசி நாள் ஜனவரி 31. அதன் பின் நடக்கும் முதல் கூட்டத்தில் குழு உறுப்பினர்களே பெயர் சேர்க்கலாம். குறும்பட்டியலில் உள்ளவர்கள் பற்றி ஆலோசகர்கள் அறிக்கை எழுதுவார்கள். அக்டோபர் தொடக்கத்தில் முடிவு, டிசம்பர் 10-இல் ஆஸ்லோவில் விழா. ஒபாமா பதவியேற்றது ஜனவரி 20. முன்மொழிவுக் காலம் முடியும்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது அறிவிப்புக்கும் விழாவுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதம். அந்த இடைவெளியில் தலைவரின் மேசையில் எந்த முடிவு காத்திருக்கிறது என்று கேளுங்கள். ஆப்கானிஸ்தானுக்கு மேலும் படை வேண்டும் என்ற தளபதியின் அறிக்கை 2009 செப்டம்பரிலேயே செய்தித்தாளில் வெளிவந்துவிட்டது. டிசம்பர் 1-இல் ஒபாமா கூடுதலாக 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். ஒன்பது நாள் கழித்து மேடையேறியவர், போர் சில நேரம் ஏன் தேவைப்படுகிறது என்று நெடுநேரம் விளக்க வேண்டியதாயிற்று. இது முன்கூட்டியே கணித்திருக்கக்கூடிய சங்கடம்.

முடிவெடுக்கும் வாரத்தில் இன்னொரு சோதனை: எடுத்த நடவடிக்கை இன்றும் நிற்கிறதா? எத்தியோப்பியாவின் பிரதமர் அபிய் அகமது 2018-இல் எரித்ரியாவோடு சமாதானம் செய்தார், எல்லை திறந்தது. 2019 அக்டோபரில் பரிசு அறிவிக்கும் முன்பே தரைவழி எல்லை வாயில்கள் மீண்டும் மூடப்பட்டிருந்தன. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் வடக்கே உள்ள டிக்ரே பகுதியில் போர் மூண்டது. வெளிநாட்டோடு செய்த சமாதானத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதே தலைவர் உள்நாட்டில் எதிர்ப்பை எப்படிக் கையாள்கிறார் என்பதை ஆராயாமல் விடக் கூடாது. இரண்டையும் வெவ்வேறு ஆலோசகர்களிடம் எழுதி வாங்குங்கள்.

குழுவில் ஒருவருக்கு எதிர்வாதத்தைப் பொறுப்பாகவே கொடுங்கள். நோபல் குழுவில் ஐந்து பேர்; ஒருமனதாக வர முயல்வார்கள், முடியாவிட்டால் பெரும்பான்மை. 1973-இல் வியட்நாம் போர்நிறுத்தத்தைப் பேசி முடித்த அமெரிக்காவின் கிஸ்ஸிஞ்சர், வடவியட்நாமின் லே டக் தோ ஆகியோரின் தேர்வுக்குப் பிறகு இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். 1994-இல் பாலஸ்தீனத் தலைவர் அராபத்துக்குக் கொடுத்ததை எதிர்த்து ஒருவர் விலகினார். மறுப்பு அறைக்குள்ளேயே எழுத்தில் பதிவாகி, பதிலும் எழுதப்பட்டால் தேர்வு உறுதிப்படும்.

பரிசு எதற்காக என்று சொல்லும் தகுதியுரையைக் கடைசி நாளில் எழுதாதீர்கள். வாக்கெடுப்புக்கு முன்பே வரைவு வேண்டும். வரைவில் இறந்தகால வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்: தொடங்கினார், கையெழுத்திட்டார், திரும்பப் பெற்றார். அடிக்கோடு மூன்றுக்குக் குறைந்தால் வேட்பாளர் இன்னும் பழுக்கவில்லை. ஒபாமாவுக்கான உரை, சர்வதேச ராஜதந்திரத்தையும் மக்களிடையேயான ஒத்துழைப்பையும் வலுப்படுத்த அவர் செய்த அசாதாரண முயற்சிகளைப் பாராட்டியது. எதைச் செய்தார் என்று சுட்டாத இப்படிப்பட்ட சொல் பின்னால் எந்தக் கேள்விக்கும் பதிலாகாது. அப்போது குழுவின் செயலராக இருந்த கெய்ர் லுண்டெஸ்டாடே, எதிர்பார்த்த பலன் அந்தப் பரிசால் கிடைக்கவில்லை என்று 2015-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் எழுதினார்.

சந்தேகம் தீரவில்லையா, தள்ளிப்போடுங்கள். விதி அதற்கு இடம் தருகிறது: தகுதியானவர் இல்லையென்றால் அந்த ஆண்டின் பரிசை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கலாம். ஜெர்மன் பத்திரிகையாளர் கார்ல் வான் ஓசியட்ஸ்கிக்கு 1935-க்கான பரிசு 1936-இல்தான் கொடுக்கப்பட்டது. தொலைநோக்குள்ள தலைவர் பெரும்பாலும் அடுத்த ஆண்டும் பதவியில் இருப்பார், அவருடைய தாளில் இரண்டாம் பத்தியும் நீண்டிருக்கும். அவசரப்பட்டுக் கொடுத்ததைத் திரும்பப் பெறத்தான் வழியில்லை. நோபல் விதிகளில் மேல்முறையீடு கிடையாது. அபிய் விஷயத்தில் 2022 ஜனவரியில் குழுவால் செய்ய முடிந்தது, போரை நிறுத்தும் சிறப்புப் பொறுப்பு அவருக்கு உண்டு என்று அறிக்கை விடுவது மட்டுமே.

பரிசுத் தொகையையும் முன்பே பேசிவிடுங்கள். பதவியில் இருப்பவர் பணம் பெறுவதில் அவருடைய நாட்டுச் சட்டம் குறுக்கிடலாம். ஒபாமா ஒரு கோடி ஸ்வீடிஷ் குரோனரைப் பத்து அறக்கொடை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மூன்று பத்தித் தாளைக் கிழித்துப் போடாமல் வையுங்கள். ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் அதே தாளில் விளைவுப் பத்தியை நிரப்பி, அடுத்த வேட்பாளரின் கோப்போடு சேர்த்துக் குழுவின் முன் வையுங்கள்.