ஒரே ஒரு அசைவு: படுத்த இடத்திலிருந்தே வீட்டை இயக்க வழி செய்வது எப்படி

கை கால் அசைக்க முடியாத ஒருவருக்காக வீட்டில் ஸ்மார்ட் கருவிகள் பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு ஸ்பீக்கரும் நாலு பல்பும். ஒரு மாதம் கழித்து அந்த ஸ்பீக்கர் மூலையில் கிடக்கும். அவரால் எந்த அசைவை நம்பிக்கையோடு செய்ய முடியும் என்று பார்க்காமல் வாங்கியதுதான் காரணம். அசைவு முதலில், கருவி பிறகு.

அசைவைக் கண்டுபிடியுங்கள்

விரல் நுனி, கன்னம், தாடை, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, புருவம், குழாயில் உறிஞ்சி ஊதுவது, கண், குரல். இவற்றில் எது களைப்பில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒரு அசைவைத் தேர்ந்து, காலையில் 20 தடவை, மாலையில் 20 தடவை, நீங்கள் சொல்லும்போது மட்டும் செய்யச் சொல்லுங்கள். மாலையில் 18 தடவையாவது சரியாக வந்தால் அதை நம்பலாம். காலைக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். தசை நோய் உள்ளவருக்குச் சாயங்காலம் உடம்பே வேறு. சொல்லாதபோது தானாக எத்தனை தடவை வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தசை இழுப்பு உள்ளவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் இந்தக் கட்டத்தில் கூட இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கூடவே, எதை முதலில் இயக்க ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பேச முடியாதவர் என்றால் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கண் சிமிட்டலில் பதில் வாங்குங்கள். நீங்கள் விளக்கு என்று நினைத்திருப்பீர்கள். அவருக்கோ ஓயாமல் ஓடும் டிவியை நிறுத்த முடிந்தால் போதும் என்றிருக்கும்.

பட்டனும் திரையும்

மாற்றுத்திறனாளிகளுக்கான பட்டன்கள் பெரும்பாலும் 3.5 மி.மீ. பின்னுடன் வரும். உள்ளே இரண்டு கம்பிகள்தான். அழுத்தினால் சேரும், விட்டால் பிரியும். இதனால் இன்று விரலால் அழுத்தும் பட்டனை நாளை கன்னத்தில் படும் பட்டனாக மாற்றினாலும் மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. பட்டனிலிருந்து போனுக்கோ டேப்லெட்டுக்கோ போக நடுவில் சுவிட்ச் இன்டர்ஃபேஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வேண்டும். புளூடூத் வகை சில நிமிடம் சும்மா இருந்தால் தூங்கிவிடலாம். அப்போது முதல் அழுத்தம் அதை எழுப்புவதற்கே போய்விடும், அடுத்ததுதான் வேலை செய்யும். ஒரு தடவை அழுத்தவே சிரமப்படுபவருக்கு இது பெரிய வதை. படுக்கையருகே நிலையாக வைக்கும் டேப்லெட்டுக்கு யூஎஸ்பி வகையே நல்லது.

ஐபேடில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, சுவிட்ச் கண்ட்ரோல், சுவிட்ச்சஸ் என்று போய் புதிய சுவிட்சைச் சேருங்கள். எக்ஸ்டர்னல் என்பதைத் தொட்டு, அவரையே பட்டனை அழுத்தச் சொல்லி, செலக்ட் ஐட்டம் என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் இதே வேலைக்கு சுவிட்ச் ஆக்சஸ் உண்டு. இரண்டிலும் திரையில் ஒரு கட்டம் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் அவர் அழுத்துவார்.

கட்டம் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குறிப்புக் கொடுத்ததிலிருந்து அவர் அழுத்தி முடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பத்துப் பதினைந்து தடவை அளந்து சராசரி எடுங்கள். அதை 0.65-ஆல் வகுங்கள். 1.3 விநாடி என்றால் 2 விநாடி வையுங்கள். இதைவிட வேகமாக வைத்தால் தவறான இடத்தில் விழும். மிக மெதுவாக வைத்தால் காத்திருந்தே களைத்துப் போவார். கை நடுக்கம் உள்ளவருக்கு இக்னோர் ரிப்பீட் அமைப்பை 0.5 விநாடியில் ஆரம்பியுங்கள். ஒரே அழுத்தத்தை இரண்டாக எண்ணாமல் தடுப்பது அதுதான்.

திரையில் ஆறு பொருளுக்கு மேல் வேண்டாம். 2 விநாடி வேகத்தில் ஆறாவதற்குப் போகவே 10 விநாடி ஆகிவிடும், தவறவிட்டால் மறுபடி ஒரு சுற்று. உதவிக்கு அழைக்கும் பொத்தான் முதல் இடத்தில் இருக்கட்டும். தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள்: நடுராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆனால் திரை பாஸ்கோடு கேட்டுக்கொண்டு நிற்கும், அவர் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பட்டனைத் தாங்கிப் பிடிக்கும் வளையும் ஸ்டாண்ட் நாளாக நாளாகத் தளர்ந்து ஒரு விரற்கடை கீழே இறங்கும். பட்டன் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள், எட்டவில்லை என்பதே உண்மை. சரியாக அமைந்த நிலையில் கட்டில் கம்பியிலும் பிடிமானத்திலும் வண்ண டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நிமிர்ந்து படுக்க ஒரு நிறம், ஒருக்களித்துப் படுக்க ஒரு நிறம், சக்கர நாற்காலிக்கு ஒரு நிறம். புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் பட்டனோ வயரோ உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஒரு வயர் அழுத்தினாலே புண் வந்துவிடும்.

குரல் வேலை செய்யும் என்றால்

அவருக்கு வசதியான மொழி அந்த ஸ்பீக்கருக்குத் தெரியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அவர் வாயிலிருந்து ஒரு மீட்டருக்குள், டிவி, ஃபேன், வென்டிலேட்டர் இல்லாத பக்கமாக வையுங்கள். மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியின் மாஸ்க்கைப் போட்டதும் குரல் மங்கும், மாஸ்க்குடனும் சோதியுங்கள்.

கருவிகளுக்குப் பெயர் வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேசை விளக்கு, மேல் விளக்கு என்று வைத்தால் இரண்டும் குழம்பும். ஒன்றோடு ஒன்று ஒட்டாத ஓசையில் ஒற்றைச் சொல்லாக வையுங்கள். குழறும் பேச்சுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அமேசான் ஸ்பீக்கருக்கான அலெக்சா செயலியில், தான் கேட்டது என்ன என்பதை எழுத்தில் காட்டும் வாய்ஸ் ஹிஸ்டரி இருக்கிறது. அவர் சொன்னதை அது வேறு சொல்லாகக் கேட்டிருந்தால், தொடர்ந்து அப்படியே கேட்கிறதா என்று பார்த்து, அந்தத் தவறான சொல்லையே ரொட்டீனுக்கான (ஒரு சொல்லைக் கேட்டதும் நீங்கள் அமைத்த வேலையைச் செய்யும் ஏற்பாடு) கட்டளையாக வையுங்கள். கருவி அவர் பேச்சுக்குப் பழகட்டும்.

விளக்கு, ஃபேன், டிவி

ஸ்மார்ட் பல்பு போட்டால் யாராவது பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அதோடு பல்பு செத்த மாதிரி, அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்தும் ரிலே மாட்யூல் (மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சிறு கருவி) இதைவிட மேல். சுவரிலும் போடலாம், படுக்கையிலிருந்தும் போடலாம். பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வயர் வேண்டும், பழைய பெட்டிகளில் அது இருக்காது. எலக்ட்ரீஷியனை முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் வாங்குங்கள். ஃபேனுக்கு விளக்கு டிம்மரைப் போடக் கூடாது: மோட்டார் முனகும், சூடாகும். ஃபேனுக்கென்றே உள்ள மாட்யூல் வாங்குங்கள்.

மின்சாரம் போய் வந்தால் கருவி எந்த நிலைக்கு வர வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, முன்பிருந்த நிலை என்று வையுங்கள். வைக்காவிட்டால் பல வகை பல்புகள் இரவு இரண்டு மணிக்கு முழு வெளிச்சத்தில் எரியும். முகத்தைத் திருப்பவும் முடியாதவருக்கு அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும்.

டிவிக்கும் ஏசிக்கும், ரிமோட்டின் சிக்னலை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் என்ற சிறு கருவி போதும். அதற்கு நேர்ப்பார்வை வேண்டும். திரைச்சீலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். பெரும்பாலான டிவி ரிமோட்களில் போடவும் அணைக்கவும் ஒரே சிக்னல்தான். அதனால், வேறு யாராவது ஏற்கனவே டிவியைப் போட்டிருந்தால், இவர் போடச் சொல்லும்போது அணைந்துவிடும். இதை அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பழுது என்று பதற மாட்டார்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, அறை சூடானால் உடம்பும் சூடேறிவிடும். அவருக்கு ஃபேனும் ஏசியும் சொகுசுப் பொருள் இல்லை. வெப்ப சென்சார் ஒன்றைத் தலைமாட்டில், ஏசி காற்று நேரே படாத இடத்தில் வைத்து, மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டினால் உங்கள் போன் அலறும்படி அமையுங்கள்.

இவற்றைச் சேர்க்காதீர்கள்

வென்டிலேட்டர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், சளி உறிஞ்சும் கருவி, காற்று மெத்தை ஆகிய எதையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக் கூடாது. ஒரு தவறான கட்டளை, ஒரு அப்டேட் போதும், கருவி நின்றுவிடும். ஹீட்டரும் கூடாது. மோட்டார் கட்டிலைக் குரலோடு இணைக்காதீர்கள். டிவியில் யாரோ பேசியதற்குக் கட்டில் நகர்ந்தால் கம்பிக்கு இடையில் கை மாட்டும், அவரால் இழுத்துக்கொள்ள முடியாது. அழுத்தும்வரை மட்டும் நகர்ந்து விட்டவுடன் நிற்கும், கட்டில் தயாரித்தவரே தரும் சுவிட்ச்தான் சரி. ஸ்மார்ட் பூட்டு வைத்தால் உள்ளே கையாலும் வெளியே சாவியாலும் திறக்க முடிய வேண்டும்.

கேமரா வைப்பதை அவர் சம்மதமில்லாமல் செய்யாதீர்கள். உடை மாற்றுவது, சுத்தம் செய்வது எல்லாம் அந்த அறையில்தான். லென்ஸை மூடும் கட்டளையும் அவர் திரையில் ஒரு பொத்தானாக இருக்கட்டும்.

நெட் போனால்

உதவிக்கு அழைக்க இரண்டு வழி வேண்டும். டேப்லெட் ஒன்று. மற்றொன்று இன்டர்நெட்டே தேவையில்லாத, பேட்டரியில் ஓடும் ரேடியோ அழைப்பு மணி. பட்டன் செருக 3.5 மி.மீ. துளை உள்ளது கிடைக்கும். பேட்டரி தீர்ந்த மணி, தான் தீர்ந்துவிட்டதாகச் சொல்லாது. தினமும் விளக்கணைக்கும் முன் அவரே ஒரு தடவை அழுத்த, அடுத்த அறையில் ஒருவர் கேட்டுப் பதில் சொல்லும் பழக்கம் வேண்டும்.

ரவுட்டருக்கும், ஸ்மார்ட் கருவிகளை இணைக்கும் ஹப் இருந்தால் அதற்கும் சிறிய யுபிஎஸ் வையுங்கள். ரவுட்டர் 8 வாட் எடுத்தால், 30 வாட்-மணி பேட்டரி இழப்புப் போக மூன்று மணி நேரம் தாங்கும். கருவிகளைச் சேர்க்கும்போது இணையவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கும். பல பிளக்குகளுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரை மாற்றினால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள், கருவிகள் தாமாகவே வந்து சேரும். பெயரை மாற்றினால் இருபது கருவிகளையும் ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டிவரும், அதுவரை அவருக்கு விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை.

நோய் கூடிக்கொண்டே போகும் வகை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த 20 தடவைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 18-க்குக் கீழே இறங்கினால் முதலில் மென்மையாக அழுத்தும் பட்டன், அதுவும் முடியாவிட்டால் வேறொரு அசைவு. புதிய அசைவை, பழையது முழுதாகப் போகும் முன்பே, இரண்டும் இருக்கும்போதே பழக்கிவிடுங்கள்.