டெலோமியர் ரிப்போர்ட்டில் மனச்சோர்வைத் தேடாதீர்கள்

பெங்களூர் ஐடி வட்டாரத்தில் உடல் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று பார்க்கும் 'உயிரியல் வயது' பரிசோதனை மோகம் கூடிக்கொண்டே போகிறது. அதில் டெலோமியர் நீளமும் வருகிறது. குரோமோசோம்களின் நுனியில், மரபணு எதுவும் இல்லாமல் டிஎன்ஏவின் ஒரே ஆறெழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதிதான் டெலோமியர். செல் பிரியப் பிரிய அது குறையும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது சற்றுக் குட்டையாக இருப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதற்காக, "நீளம் குறைந்திருக்கிறது, எனக்கு டிப்ரஷன்தான்" என்று முடிவு கட்டிவிடுவது முதல் தவறு.

அந்த 'சற்று' எவ்வளவு என்று பாருங்கள். நெதர்லாந்தில் 2,000 பேருக்கு மேல் பரிசோதித்த பெரிய ஆய்வில், சராசரி நீளமான சுமார் 5,500 எழுத்துகளில் வித்தியாசம் ஏறக்குறைய 80தான். ஒரே வயதுள்ள இருவருக்கு இடையிலேயே பல நூறு எழுத்துகள் வேறுபடலாம். கூட்டத்தின் சராசரியில் தெரிகிற இந்த வித்தியாசத்தை வைத்துத் தனி ஒருவருக்கு எதுவும் சொல்ல முடியாது. போதாததற்கு, அளப்பது ரத்த வெள்ளணுக்களை, மூளையை அல்ல.

அடுத்தது, நோய்தான் டெலோமியரை அரித்தது என்று நம்புவது. அதே நெதர்லாந்துக்காரர்களை 6 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் அப்படியே இருந்தது. ஆனால் ஒருவரின் மனச்சோர்வு கூடுவதும் குறைவதும் அவருடைய டெலோமியரின் மாற்றத்தோடு சேர்ந்து போகவில்லை. பரம்பரை, சிறுவயதுத் துன்பம், புகைப்பழக்கம், உடல் எடை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

"கவலைப்பட்டால் ஆயுளில் 10 வருஷம் போச்சு" என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு மூலம் 2004இல் வந்த ஓர் ஆய்வு. கலந்துகொண்டது 58 தாய்மார்கள். மிக அதிக அழுத்தம் உணர்ந்தவர்களின் டெலோமியர், மிகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடப் பத்து வருட மூப்புக்குச் சமமாகக் குட்டையாக இருந்தது. ஆயுள் அளக்கப்படவே இல்லை. நோயுற்ற பிள்ளையை வளர்த்த தாய்மாருக்கும் மற்றவர்களுக்கும் சராசரி நீளத்தில் வித்தியாசமும் இல்லை. இதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

டெலோமியரை நீட்டுவதாக விற்கும் கேப்சூல்களை வாங்காதீர்கள். 2009 நோபல் பரிசைக் காட்டி விற்பார்கள். பரிசு, டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது என்பதையும், டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியையும் கண்டறிந்ததற்கு. எந்த மாத்திரைக்கும் அல்ல. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் உயிர் பிழைப்பதே அந்த நொதியைப் பயன்படுத்தித்தான். பரம்பரையாக டெலோமியர் நீண்டிருப்பவர்களுக்குச் சில புற்றுநோய்களின் அபாயம் கூடுதல்.

இரண்டு லேப்களின் எண்களை ஒப்பிடுவதும் வீண். முறைக்கு முறை அளவு மாறும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "நீளம் நன்றாக இருக்கிறது" என்று டாக்டரைக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவது. மனச்சோர்வைப் பேசித்தான் கண்டறிவார்கள். தைராய்டு, பி12 பார்க்கச் சொன்னால் அதற்குக் காரணம் உண்டு, பார்த்துவிடுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயக்கம் என்றால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.