தலையான குறையைக் கண்டு திருத்துதல்: இல்லறத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தவக்காலத் தொடக்கத்திலும் பங்குத் தியானம் முடிந்த கையோடும் நாம் எடுக்கும் தீர்மானங்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. கோபத்தை விட வேண்டும், நாள்தோறும் திருப்பலி காண வேண்டும், குடும்பச் செபமாலையைத் தவறவிடக் கூடாது, புறணி பேசக் கூடாது, கைப்பேசியைக் குறைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கி, உயிர்ப்புப் பெருவிழா வருவதற்குள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறோம். மனவலிமை போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். ஆனால் பெரும்பாலும் தவறு தொடங்கிய முறையில்தான் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு குறை மற்றக் குறைகளுக்கு வேராக இருக்கும். அந்த ஒன்றை அடையாளம் கண்டு, அதன்மேல் மட்டும் நாள்தோறும் கண்வைக்கும் பயிற்சியைப் புனித லொயோலா இஞ்ஞாசியார் வகுத்துத் தந்திருக்கிறார். இறைவனோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவம் எதுவானாலும் அதற்குத் தவணை கிடையாது. உடனே ஒப்புரவு அருளடையாளத்தை, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை, நாட வேண்டும். இங்கே பேசப்போவது, ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் நம்மைவிட்டுப் போகாத அன்றாடக் குறைகளைப் பற்றி.

இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட படைவீரர். அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் அதன் அடிப்படைக் குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது அவர் குருவும் அல்லர், எந்தத் துறவறச் சபையிலும் சேர்ந்தவரும் அல்லர். ஆகவே இம்முறை துறவியருக்கு மட்டும் உரியது என்று ஒதுங்க வேண்டியதில்லை. எல்லா நிலையினரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டிருக்கின்றனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவாகக் கற்பித்தது. அரண்மனை அலுவலராகவும் மனைவியோடு இல்லறம் நடத்தியவராகவும் இருந்த நம் தேவசகாயத்தைத் திருச்சபை 2022 மே 15ஆம் நாள் புனிதர் என அறிவித்தது.

முதல் வேலை, குறையைக் கண்டுபிடிப்பது. முழு முயற்சியில் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன தலையான பாவங்கள் ஏழையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எது நமக்குப் பொருந்துகிறது என்று பார்க்கலாம். பார்க்கும்போது, எது நமக்கு மிகவும் வெட்கம் தருகிறதோ அதுவே தலையான குறை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எந்தக் குறையைச் சுட்டிக்காட்டினால் உடனே நியாயம் சொல்லத் தொடங்குகிறோமோ, ‘என் சுபாவம் அப்படித்தான்’ என்று எதைப் பற்றிச் சொல்கிறோமோ, அங்கேதான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். பங்குப் பேரவையில் ஓடியாடி உழைக்கும் ஒருவர், திருவிழா அறிவிப்பில் தம் பெயர் விடுபட்டதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அவர் கோபத்தை அறிக்கையிட்டுக்கொண்டே இருப்பார்; வேர் அகங்காரத்தில் இருப்பதை அவர் பார்க்கமாட்டார். அக்காள் வீட்டுத் திருமணத்தில் குறை மட்டுமே கண்ணில் படுகிறதென்றால் அதன் பெயர் காய்மகாரம். செபத்தில் உட்கார்ந்ததும் எழுந்து வேறு வேலை தேடத் தோன்றும் சலிப்பும் சோம்பலைச் சேர்ந்ததே. ஓயாமல் வேலை செய்கிறவருக்கும் அது வரும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி அதை நண்பகல் பேய் என்றே அழைத்தார்.

தனியாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், கணவரிடமோ மனைவியிடமோ, ‘என்னிடம் எது உங்களை மிகவும் நோகடிக்கிறது?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொள்வது நல்லது. பதில் பேசத் துடிக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கண்ட குறையை எண்ணக்கூடிய அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். ‘அகங்காரத்தை ஒழிப்பேன்’ என்பது தீர்மானமாகாது. மாலையில் அமர்ந்து அதை எப்படிக் கணக்கிடுவது? ‘சமையலைப் பற்றி மாமியார் ஏதாவது சொன்னால், அவரைக் காயப்படுத்துவதற்காகவே ஒரு பதில் சொல்கிறேன், அதைச் சொல்லமாட்டேன்’ என்பது தீர்மானம். ‘அலுவலகத்தில் இல்லாதவரைப் பற்றிய பேச்சில் நானாக ஒன்றும் சேர்க்கமாட்டேன்’ என்பதும் அப்படியே. கடைக்குப் போன இடத்தில் அண்டைவீட்டாரோடு பேச்சுத் தொடங்கி அது புறணியாக மாறும்போது, யாரைப் பற்றியும் தீதாகப் பேசமாட்டேன் என்று உள்ளத்தில் உறுதிகொள்ளும் ஒரு பெண்ணைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் வெளியிட்ட மடலில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். புனிதத்தில் ஓர் அடி முன்னேற்றம் என்று அவர் காட்டுவது அவ்வளவு சிறிய செயலைத்தான்.

பயிற்சி நாளுக்கு மூன்று வேளை நடக்கும். காலையில் எழுந்தவுடன், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பே, இன்று இந்த ஒரு குறையில் விழாதிருக்க அருள் தாரும் என்று ஆண்டவரிடம் கேட்டு, எச்சரிக்கையாக இருப்பதாகத் தீர்மானிக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின் சில நிமிடங்கள் ஒதுக்கி, எழுந்தது முதல் அதுவரை மணி மணியாக நினைவில் ஓட்டிப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை ஒரு கோட்டின் மேல் இட வேண்டும். இரவு உணவுக்குப் பின் மதியத்திலிருந்து அந்நேரம் வரை அதேபோல் பார்த்து, இரண்டாம் கோட்டில் புள்ளியிட வேண்டும். நாளுக்கு இரண்டாக வாரத்துக்குப் பதினான்கு கோடுகள். ஒரு நோட்டுப் பக்கம் போதும். முதல் கோட்டை இரண்டாம் கோட்டோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். விழுந்த அந்த நொடியிலேயே, பிறர் கவனிக்காதபடி, நெஞ்சில் கைவைத்து மனம் வருந்த வேண்டும் என்றும் சொல்கிறார். பேருந்திலும் பணியிடத்திலும் இது முடியும். பகலில் மனம் விழித்திருக்கச் செய்வது இதுதான். மதிய வேளை ஆன்மச்சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் பாதிப் பயன் போய்விடும், ஏனெனில் இரவில் மட்டும் பார்ப்பவருக்கு அந்த நாளைத் திருத்திக்கொள்ள நேரம் மிச்சமில்லை.

தவிர்ப்பதோடு நின்றுவிடாமல், எதிரான நற்செயல் ஒன்றையும் கைக்கொள்ள வேண்டும். பிரான்சு நாட்டு லிசியே நகரின் கார்மேல் துறவு மடத்தில், மாலைத் தியான நேரத்தில் தமக்குப் பின்னால் ஓயாமல் சிறு ஓசை எழுப்பிக்கொண்டிருந்த ஒரு சகோதரியைத் திரும்பி முறைக்க வேண்டும்போல் இருந்ததாகப் புனித தெரேசா எழுதுகிறார். ஆனால் தெரேசா அந்த ஓசையை இசையாகக் கேட்க முயன்று, அதையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். புறணி பேசுகிறவர், பேச்சுக்கு இலக்கானவரைப் பற்றி உண்மையான ஒரு நல்ல செய்தியைச் சொல்லலாம். பொருளாசை உள்ளவர், தேவையில்லாததை அல்ல, தமக்குப் பிடித்ததையே எடுத்துக் கொடுக்கலாம். பாவ சந்தர்ப்பத்தை, அதாவது பாவத்துக்கு இட்டுச்செல்லும் சூழலை, பொறுத்தவரை எதிர்த்து நின்று போராடுவது வீரமாகாது. பத்து மணிக்குமேல் கைப்பேசி மோகப் பாவத்துக்கு இழுக்கிறதென்றால், அது கூடத்தில் உறங்கட்டும்.

ஒப்புரவுக்குப் போகும்போது இந்த நோட்டின் பயன் தெரியும். கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிடுவது கடமை என்கிறது திருச்சபைச் சட்டம். இப்பயிற்சியில் இறங்கியவர் மாதம் ஒருமுறையாவது, கூடுமானால் ஒரே குருவிடம், போவது சிறந்தது. ‘சாமி, கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபிக்கவில்லை’ என்று சிறுவயதில் படித்த பட்டியலை ஒப்பிப்பதற்குப் பதிலாக, ‘செலவுக் கணக்கு கேட்கும்போதெல்லாம் மனைவியிடம் கத்துகிறேன், கடன் வாங்கியதை மறைப்பதற்காகவே கத்துகிறேன்’ என்று சொன்னால், குரு மருந்து தர முடியும். மனைவி செய்த தவறுகளை அங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதல் மறைவையே விரும்புகிறது என்பதும், விவரமறிந்த ஒருவரிடம் வெளிப்படுத்தியதும் அது வலுவிழக்கும் என்பதும் இஞ்ஞாசியாரின் விதிகளில் ஒன்று.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புள்ளிகள் கூடுவதைக் கண்டு பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். முன்பு கவனியாமல் விட்டவை இப்போது கண்ணில் படுவதாலும் எண்ணிக்கை ஏறும். இதைவிட ஆபத்தானது, விழுந்ததற்காகத் தன்மேல் வரும் ஆத்திரம். கோபப்பட்டதற்காகக் கோபப்படுகிறவர்களைப் பற்றி 1609இல் எழுதிய புனித பிரான்சிஸ் சலேசியார், நம் உள்ளத்தையும் கனிவோடு கண்டித்துத் திருத்த வேண்டும் என்கிறார். அந்த ஆத்திரத்தில் தவறுக்கான வருத்தத்தைவிட, ‘நானா இப்படி?’ என்ற அகங்காரமே மிகுதி. செபம் வறண்டு, எல்லாம் வீண் என்று தோன்றும் நாள்களில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றவே கூடாது என்பது இஞ்ஞாசியார் அழுத்திச் சொல்லும் விதி. அந்நாள்களில் செபத்தைச் சற்று நீட்டலாம், குறைக்கக் கூடாது.

இம்முறை பொருந்தாத சிலரும் உண்டு. செய்யாததையும் பாவமோ என்று அஞ்சி, அறிக்கையிட்டதையே மீண்டும் மீண்டும் அறிக்கையிடும் மனச்சஞ்சலம் உள்ளவர்கள் புள்ளி எண்ணுவதை உடனே நிறுத்திவிட்டு, ஒரே குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டும். குடிக்கு அடிமையானவருக்கு ஆன்மச்சோதனையோடு மருத்துவமும் வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற பெண், ‘எனக்குப் பொறுமை இல்லை’ என்று தன் குறையைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து விளைவிக்கும் துணைவரை விட்டு விலகியிருக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவே இடம் தருகிறது.

ஒரு குறையை எவ்வளவு காலம் தொடர்வது என்பதற்குப் பொதுக் கணக்கு இல்லை. சில வாரங்கள் தொடர்ந்து கோடுகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தால், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடம் கலந்து அடுத்ததற்குப் போகலாம். பழையது திரும்பித் தலைகாட்டினால், அதே நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, காலை வேளைச் செபத்திலிருந்து தொடங்க வேண்டும்.