மாதிரி ரயில் ஊரில் குட்டி வீடுகளுக்கு விளக்கு போடுவது எப்படி?

குட்டி வீட்டுக்கு விளக்கு போடுவதில் மின்சார வேலை கொஞ்சம்தான். வெளிச்சம் சுவர் வழியே கசியாமல் தடுப்பதில்தான் பொறுமை வேண்டும். நிஜத்தைவிட 87 மடங்கு சிறியதாக, 1:87 அளவில் வரும் எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் வகைக்கான பிளாஸ்டிக் வீடு ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

தேவையானவை: 12 வோல்ட் டி.சி. அடாப்டர், 3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்.இ.டி., 4.7 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் (கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பாகம்), சிவப்பு, கறுப்பு நிறங்களில் மெல்லிய வயர், ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்), சால்டரிங் அயர்ன் (சால்டரை உருக்கி வயரை இணைக்கும் கருவி).

தண்டவாளத்துக்குப் போகும் கரண்டை விளக்குக்கு எடுக்காதீர்கள். ரயிலை ஓட்டுவது சாதாரண டி.சி. கன்ட்ரோலர் என்றால், ரயில் நின்றதும் விளக்கும் அணையும். ரயிலைப் பின்னோக்கி ஓட்டினால் பிளஸ் மைனஸ் மாறிவிடுவதால் எல்.இ.டி. எரியாது.

படி 1: வீட்டைத் தயார் செய்தல்

மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் விளக்கு வைத்தால் வீடே காகித விளக்கு மாதிரி ஒளிரும். அதனால் வீட்டின் பாகங்களை ஒட்டுவதற்கு முன்பே உட்சுவர் முழுக்கக் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் அடியுங்கள். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை அதை அறைக்குள் பரப்பும். அப்புறம் கறுப்பு அட்டையை வெட்டி அறைகளாகப் பிரித்து, ஜன்னல்களுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள்.

எல்லா அறைக்கும் விளக்கு வேண்டாம். இரவில் எந்தத் தெருவிலும் சில ஜன்னல்களில்தான் வெளிச்சம் இருக்கும். இருட்டாக விட்ட ஜன்னல்கள்தான் வீட்டை நிஜமாகக் காட்டும்.

படி 2: ரெசிஸ்டர்

வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை 4,700 ஓமால் வகுத்தால் சுமார் 1.9 மில்லிஆம்ப். பொதுவாக 20 மில்லிஆம்ப் வரை தாங்கும் என்றாலும், இந்த மங்கல்தான் வீட்டுக்குப் பொருத்தம். பிளாட்பாரத்துக்குப் பளிச்சென்று வேண்டுமானால் 1 கிலோ ஓம் போடலாம். ரெசிஸ்டரே இல்லாமல் 12 வோல்ட் கொடுத்தால் எல்.இ.டி. உடனே போய்விடும்.

படி 3: சால்டரிங்

எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ். அதில் ரெசிஸ்டரையும், ரெசிஸ்டரின் மறுமுனையில் சிவப்பு வயரையும் சேருங்கள். குட்டைக் காலில் கறுப்பு வயர். டியூப் துண்டுகளை முன்கூட்டியே வயரில் கோத்துவிட்டு, சால்டர் ஆறியதும் இணைப்பின்மேல் இழுத்துச் சூடு காட்டுங்கள்.

படி 4: இணைப்பு

எல்.இ.டி.யை அறையின் மேற்பக்கம் ஒட்டி, வயரை அடிப்பலகைத் துளை வழியே கீழே இறக்குங்கள். பலகைக்கு அடியில் அடாப்டரிலிருந்து இரண்டு தடித்த வயர்களை நீளமாக ஓட்டி, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேருங்கள். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் அவசியம். ஒன்றையே பகிர்ந்தால் வெளிச்சம் சமமாக வராது. இந்தக் கணக்கில் 50 எல்.இ.டி. போட்டாலும் 100 மில்லிஆம்ப் தாண்டாது. 1 ஆம்ப் அடாப்டர் தாராளம்.

சரி, அறையை இருட்டாக்கிச் சோதியுங்கள். சுவரும் கூரையும் சேரும் இடுக்கில் வெளிச்சக் கோடு தெரிந்தால் உள்பக்கம் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கூரையை மட்டும் பசை போட்டு ஒட்டாதீர்கள், எல்.இ.டி.யை மாற்ற வேண்டியிருந்தால் அதைத்தான் திறக்க வேண்டும்.