சைப்ரஸ் மலைக்கிராமத்தில் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்க: முதல் ராத்திரி நான் சொதப்பியதும் சேர்த்து

போன பிப்ரவரியில் நானும் மனைவியும் அம்மாவும் சைப்ரஸ் போயிருந்தோம். எல்லாரும் போகிற கடற்கரைப் பக்கம் போகாமல் ட்ரூடோஸ் மலையில் இருக்கிற காக்கோபெட்ரியா கிராமத்தில், அறையோடு சமையலறையும் இருக்கிற ஒரு சின்ன விடுதியில் நான்கு இரவு தங்கினோம். வெளிச்சாப்பாடு என்றால் அம்மாவுக்கு இரண்டாம் வேளையே அலுத்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. அப்படி ஏற்பாடு செய்தும் முதல் ராத்திரி இருட்டில் பிரெட்டைப் பிய்த்துத் தின்றுவிட்டுத்தான் படுத்தோம். ஏன் என்று கீழே சொல்கிறேன். விசா, டிக்கெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதைத் தாண்டி ஆரம்பிக்கிறேன்.

1. பதிவு செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது

இது சாப்பாடு, ரூம் பாய் எல்லாம் இருக்கிற ஹோட்டல் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் போய்விடுவார். அதனால் மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். எத்தனை மணி வரை ஆள் இருப்பார்? குளிர்காலத்தில் அறையைச் சூடுபடுத்துவது வாடகையில் சேர்த்தியா, தனிக் காசா? கார் வாசல் வரை வருமா?

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காக்கோபெட்ரியாவின் பழைய ஊர்ப் பகுதி மண்கல் வீடுகளும் மர பால்கனிகளுமாக, கல் பாவிய குறுகலான சந்துகளாக இருக்கும். கார் கீழேயே நின்றுவிடும். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை அந்தக் கல்லில் இழுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரியும். முதுகில் மாட்டுகிற பைதான் சரி, இதில் என் மனைவியோடு எனக்கு இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

2. பெட்டியில் என்ன இருக்கலாம், என்ன கூடாது

ஐரோப்பாவுக்கு என்று கடையில் விற்கிற உருண்டை இரண்டு பின் அடாப்டரை வாங்கிவிடாதீர்கள். சைப்ரஸ் 1960 வரை பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த ஊர், இன்றைக்கும் அங்கே லண்டனில் இருப்பது போன்ற சதுர மூன்று பின் பிளக்தான். நம்மைப் போல இடப்பக்கமாகவே கார் ஓட்டுவதும் அதே கதைதான், அது நமக்கு லாபம்.

நெய், பால் பவுடர், மாமிசப் பொருட்கள் (கருவாடு தவிர), பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கையில் கொண்டுவரக் கூடாது, பச்சை இலை காய்களுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பொடி வகைகள், புளி, பருப்பு போதும். சாமான் என்று பார்த்தால் என் ஓட்டு இரண்டு பொருளுக்கு: ஒரு நல்ல கத்தி (செக்-இன் பெட்டியில்தான்), ஒரு சின்ன ஸ்டீல் குக்கர். விடுதிக் கத்தியில் தக்காளி நசுங்கும், அறுபடாது. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, இடத்தை அடைக்கும்.

3. மலை ஏறுவதற்கு முன்பே மளிகை

லார்னகா விமான நிலையத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். நிகோசியா வழியாகத்தான் போவீர்கள், அங்கேயே வாங்கிவிடுங்கள். கிராமத்துக் கடைகளில் ரொட்டி, பால், முட்டை கிடைக்கும், மத்தியானம் சாத்திவிட்டால் எப்போது திறப்பார்கள் என்பது அவர்கள் இஷ்டம். நிகோசியா பழைய நகரத்தில் தெற்காசிய மளிகைக் கடைகள் உண்டு. இலங்கையிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் அங்கே நிறையப் பேர், அதனால் தேங்காய்ப்பால் டப்பாவுக்கும் குறைவில்லை.

ஆனால் உள்ளூர்ச் சாமானே நமக்கு ஒத்துவரும். புர்குரி என்று விற்பது உடைத்த கோதுமை. அவர்கள் அதில் சேமியாவை வறுத்துப் போட்டு வேகவைக்கிறார்கள், நான் கடுகு தாளித்து உப்புமா ஆக்கினேன். லுவி என்பது நம் தட்டைப்பயறு. ஹலூமி பாலாடைக்கட்டியைத் தோசைக்கல்லில் போட்டால் உருகாது, பனீர் மாதிரி சிவந்து வரும். உப்பு தூக்கலாக இருக்கும், குழம்பில் போட்டால் தனியாக உப்பு போடாதீர்கள். கொத்தமல்லித் தழை தாராளமாகக் கிடைக்கும், கொத்தமல்லி விதையை இடித்துச் சமைப்பது அந்த ஊர்ப் பழக்கமே.

கோலோகாசி என்று ஒன்று குவிந்து கிடந்தது. அம்மா எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது சேப்பங்கிழங்கு இல்ல?" என்றார். அதேதான், சைஸ் மட்டும் தேங்காய் அளவு. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் கையாலேயே விளக்கினார்: தோல் சீவிய பிறகு கழுவாதே, கொழகொழத்துவிடும். துணியால் துடை. கத்தியால் முழுசாக வெட்டாதே, பாதி வெட்டி, கத்தியை ஒரு திருகு திருகி உடை. அப்படிச் செய்தால் குழம்பில் வழவழப்பு ஏறவில்லை, இப்போது வீட்டிலும் இப்படித்தான்.

4. வெந்நீர் சுவிட்ச் (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

சைப்ரஸில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் ஒரு கண்ணாடிப் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். சூரிய வெந்நீர். வெயில் நாளில் பிரச்சினையே இல்லை. காக்கோபெட்ரியா பள்ளத்தாக்குக்குள் ஒடுங்கி இருக்கிற ஊர், பிப்ரவரியில் மேகமும் இருந்தால் மாலையில் குழாயைத் திறந்தால் வருவது ஐஸ். அந்த மாதிரி நாளுக்காகத் தொட்டிக்குள்ளேயே கரண்டில் ஓடும் ஹீட்டர் ஒன்று உண்டு, அதற்குத் தனி சுவிட்ச். இவ்வளவு எனக்கும் தெரியும்.

எங்கே என்பதுதான் தெரியாமல் போயிற்று. நம்மூரில் கீசர் சுவிட்ச் குளியலறைக்குள் அல்லது கதவோரம் இருக்கும். அங்கே பிரிட்டிஷ் வழக்கப்படி குளியலறைக்குள் சாதாரண சுவிட்சே வைப்பதில்லை. எங்கள் அறையில் அது சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில், சின்னச் சிவப்பு விளக்கோடு, கிரேக்க எழுத்தில் பெயர் போட்டு இருந்தது. நான் அதை ஃபிரிட்ஜ் சுவிட்ச் என்று நினைத்து, தொடாமல் விட்டேன்.

அப்புறம் என்ன, அம்மா கால் கழுவ வெந்நீர் கேட்டார். கெட்டிலைப் போட்டேன். சோற்றுக்கு ஒரு ஹாட் பிளேட் (கரண்ட் அடுப்புத் தட்டு), குழம்புக்கு இன்னொன்று. மனைவி குளிர் தாங்காமல் கரண்ட் ஹீட்டரைப் போட்டார். போதாததற்கு நான் வெந்நீர் வராதா என்று கண்ணில் பட்ட சுவிட்சை எல்லாம் தட்டினேன், அதில் அந்தச் சிவப்பு விளக்கும் ஒன்று. டப். மொத்த அறையும் இருட்டு. ஃபியூஸ் பெட்டியைத் தேடி செல்போன் வெளிச்சத்தில் வெளியே சந்து வரை போய்ப் பார்த்தேன். அது உள்ளேயே, வாசல் கதவுக்கு மேலே, என் தலைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. காலையில் வந்த வீட்டுக்கார அம்மா அதில் விழுந்திருந்த சுவிட்சை ஒரு நிமிடத்தில் தூக்கிவிட்டார்.

ஆகவே சாவி கொடுக்கிறவர் போவதற்கு முன்பு "தெர்மோசிஃபோனாஸ்" என்று சொல்லி வெந்நீர் சுவிட்சைக் காட்டச் சொல்லுங்கள், அப்படியே ஃபியூஸ் பெட்டியையும். குளிக்க அரை மணிக்கு முன் போடுங்கள், இரண்டு பேர் குளித்ததும் மறுபடி காத்திருங்கள். வெந்நீர் ஹீட்டர் ஓடும்போது ஹாட் பிளேட்டும் அறை ஹீட்டரும் சேர்ந்து வேண்டாம். கரண்ட் போய்விட்டால் முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிறகு பெட்டியில் விழுந்திருக்கிற சுவிட்சைத் தூக்குங்கள்.

5. ஹாட் பிளேட்

இரும்புத் தட்டு வகை. சூடாக நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் சூடு நிற்கும். கேஸ் அடுப்புக் கை நமக்கு, சிம்மில் வைத்தால் உடனே அடங்கும் என்று நினைப்போம். அடங்காது. இரண்டாம் நாள் சோறு அடிப்பிடித்தது அப்படித்தான். குக்கர் விசில் வருவதற்கு முன்பே அணைத்துவிட்டால் மிச்சச் சூட்டிலேயே வெந்துவிடும். பொங்கி வழிய இருக்கிற பாலைத் தட்டை விட்டே இறக்க வேண்டும்.

6. சின்னச் சின்ன விஷயம்

கழிவறையில் காகிதத்தைப் பீங்கானுக்குள் போடக் கூடாது, பக்கத்தில் இருக்கிற கூடையில் போட வேண்டும். குழாய்கள் குறுகல், அடைத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு ஆகியோஸ் நிக்கோலாஸ் தேவாலயம் போய்வாருங்கள், ஊருக்கு மேலே சில கிலோமீட்டர்தான், திறக்கும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மழைக்கும் பனிக்கும் பயந்து பழைய கூரைக்கு மேல் இன்னொரு சரிவான ஓட்டுக் கூரை போட்டிருக்கிறார்கள், உள்ளே சுவர் முழுக்க ஓவியம். 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ட்ரூடோஸ் தேவாலயங்களில் இதுவும் ஒன்று.

பிறகு சேர்த்தது: ஒரு வாசகர் ஏசி ரிமோட்டில் சூடு வரவில்லை, குளிர்தான் வருகிறது என்று எழுதியிருந்தார். நட்சத்திரம் மாதிரி இருக்கிற பனிப்படிகப் படம் குளிருக்கு, சூரியப் படம் சூட்டுக்கு. மாற்றிய பிறகும் சில நிமிடம் காற்றே வராது, கெட்டுப்போய்விட்டது என்று மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். இன்னொருவர் ஆகஸ்டில் போனவர்: வெந்நீர் சுவிட்சே தேவைப்படவில்லையாம், கூரைத் தண்ணீர் கை சுடுகிற அளவுக்கு வந்ததாம். ஆகஸ்ட் 15 மாதா திருநாள் வாரம் என்றால் மலை முழுக்க உள்ளூர்க் கூட்டம், மாதக்கணக்கில் முன்பே பதியுங்கள்.

7. கிளம்பும்போது

குப்பையைத் தெருத் தொட்டியில் போட்டு, ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டு சாவியைக் கொடுங்கள். நாங்கள் கீழே கார் வரை மூட்டை முடிச்சுகளை இறக்கி, கதவைச் சாத்தி, வீட்டுக்கார அம்மாவுக்குக் கைகூப்பினோம். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "தெர்மோசிஃபோனாஸ்?" சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு சந்தில் மேலே ஓடினேன்.